தண்ணீர் கலவாத கூலண்டுக்கு மாறலாமா? பெங்களூர்க் கார்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

அல்சூரில் என் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று 1980-களில் வந்த பிரீமியர் பத்மினி. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே அது தெருவைப் பார்க்கும். மற்றொன்று, தினமும் அவுட்டர் ரிங் ரோடு வழியாக அலுவலகம் போய்வரும் சிறிய பெட்ரோல் கார். பத்மினியில் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமாகத் தண்ணீர் கலவாத கூலண்ட் ஓடுகிறது; சிறிய காரில் கம்பெனி சொன்ன வழக்கமான கூலண்டே இருக்கிறது. ஒரே வீட்டில் ஏன் இந்தப் பாகுபாடு என்று கேட்டவர்களுக்கும், சிவாஜிநகரிலும் பிரேசர் டவுனிலும் பழைய வண்டி வைத்துப் பராமரிக்கும் நண்பர்களுக்கும் இதுவரை வாய்மொழியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தண்ணீர் கலவாத கூலண்ட் என்பது என்ன?

நாம் வழக்கமாக ஊற்றும் கூலண்டில் ஏறக்குறைய பாதி தண்ணீர், பாதி கிளைக்கால். அத்துடன் துருப்பிடிக்காமல் காக்கும் வேதிப்பொருள்கள் சிறிதளவு. தண்ணீர் கலவாத கூலண்டில் அந்தத் தண்ணீர்ப் பாதியே கிடையாது. எத்திலீன் கிளைக்கால், புரொப்பிலீன் கிளைக்கால் ஆகிய இரண்டில் ஒன்றோ, இரண்டும் சேர்ந்த கலவையோ அதன் அடிப்படை. அதற்கேற்ற துருத்தடுப்புப் பொருள்களைத் தயாரிப்பாளர்கள் கலந்து தருகிறார்கள். அதனுடன் எதையும் கலக்கக் கூடாது, டப்பாவில் இருப்பதை அப்படியே ஊற்ற வேண்டும். அமெரிக்காவின் எவன்ஸ் நிறுவனத்தின் சரக்கு இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது.

ரசாயனக் கடையில் கிளைக்காலை வாங்கி நேரடியாக ஊற்றினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது. தடுப்புப் பொருள் சேராத கிளைக்கால் சூட்டில் மெல்ல மெல்ல அமிலமாக மாறி, அலுமினியத்தையும் ரேடியேட்டரின் ஈயப் பற்றையும் அரிக்கத் தொடங்கும்.

கொதிநிலை கூடுவதால் உண்மையில் என்ன ஆதாயம்?

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் திறந்த பாத்திரத்தில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கார் ரேடியேட்டர் திறந்த பாத்திரம் அன்று. மூடியில் உள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தை ஏற்றி வைக்கிறது. 0.9 பார் மூடி சரியாக வேலை செய்தால் பெங்களூரில் வெறும் தண்ணீர்கூட 117 டிகிரிவரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் அதைவிடச் சில டிகிரிகள் கூடுதலாகத் தாங்கும். எத்திலீன் கிளைக்காலின் கொதிநிலையோ 197 டிகிரி, புரொப்பிலீன் கிளைக்காலுடையது 188 டிகிரி. அவ்வளவுக்கும் எந்த அழுத்தமும் தேவையில்லை.

இந்த வேறுபாட்டின் பயன் ரேடியேட்டரில் அவ்வளவாகத் தெரியாது. சிலிண்டர் ஹெட்டுக்குள்தான் தெரியும். எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கையைச் சுற்றியுள்ள உலோகம் கூலண்டின் சராசரிச் சூட்டைவிட மிக அதிகமாகச் சுடும். அந்த இடத்தைத் தொடும் தண்ணீர் குமிழ் குமிழாகக் கொதிக்கும். சிறு குமிழ்கள் உண்டாகிக் கலைவது நல்லதே. ஆவியாகும்போது அவை நிறைய வெப்பத்தை இழுத்துச் செல்கின்றன. வண்டி திணறும் ஏற்றத்தில் குமிழ்கள் ஒன்றுசேர்ந்து உலோகத்தின் மேல் ஆவிப்படலமாக நின்றுவிட்டால் கதை மாறிவிடும். ஆவி வெப்பத்தைக் கடத்தாது. அந்த இடம் மட்டும் தனியாகக் கொதித்து, ஹெட் வளைவதற்கோ கேஸ்கட் எரிவதற்கோ அங்கிருந்துதான் வழி பிறக்கிறது. தண்ணீர் கலவாத கூலண்டில் அந்த ஆவிப்படலம் உண்டாவது மிக அரிது. வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்த உடனே கொதித்துப் பொங்கும் வழக்கமும் அதோடு நின்றுவிடும்.

இன்னொரு ஆதாயம், உள்ளே அழுத்தம் குறைவு. ஆவியின் அழுத்தம் இல்லாமல், திரவம் சூட்டில் விரிவதால் வரும் அழுத்தம் மட்டுமே இருப்பதால் பழைய ஹோஸ்களுக்கும் பற்றவைத்த ரேடியேட்டர்களுக்கும் சற்று ஓய்வு கிடைக்கிறது.

அப்படியென்றால் இது தண்ணீரைவிட நன்றாக வண்டியைக் குளிரவைக்குமா?

குளிரவைக்காது. இந்த ஒரு கேள்விக்கு நேரான பதிலைக் கேட்டபின் பலர் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டிருக்கிறார்கள்.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.2 கிலோஜூல் வேண்டும். ஓடும் இன்ஜினின் சூட்டில் எத்திலீன் கிளைக்காலுக்கு அதே வேலைக்குச் சுமார் 2.7 போதும். அதாவது ஒவ்வொரு லிட்டரும் சுமந்து செல்லும் வெப்பம் குறைவு. பாதிக்குப் பாதி கூலண்டோடு ஒப்பிட்டாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். தண்ணீரின் வெப்பங்கடத்தும் திறனில் பாதிகூடக் கிளைக்காலுக்கு இல்லை. போதாக்குறைக்குப் பிசுபிசுப்பும் அதிகம். 20 டிகிரியில் எத்திலீன் கிளைக்கால் தண்ணீரைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு பிசுபிசுப்பானது. சூடேறினால் இளகிவிடும் என்றாலும், வாட்டர் பம்ப் எப்போதும் முன்பைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

இதற்கு வரலாற்றிலேயே சாட்சி உண்டு. ஸ்பிட்பயர் போர் விமானங்களில் இருந்த ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் இன்ஜினின் தொடக்க கால வகைகளில் தண்ணீர் கலவாத எத்திலீன் கிளைக்காலையே ஊற்றினார்கள். கொதிநிலை கூடினால் ரேடியேட்டரைச் சிறிதாக வைக்கலாம், காற்றின் எதிர்ப்புக் குறையும் என்பது அவர்கள் கணக்கு. பின்னர் வந்த வகைகளில் 70 பங்கு தண்ணீருக்கு 30 பங்கு கிளைக்கால் என்ற கலவைக்கு மாறி, அழுத்தத்தை ஏற்றிக் கொதிநிலையைக் கூட்டிக்கொண்டார்கள். உலோகத்தின் சூடு தணிந்தது, தீப்பிடிக்கும் அபாயமும் குறைந்தது. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்கு நிகரில்லை. கொதிப்பதும் துருப்பிடிக்க வைப்பதும்தான் அதன் குற்றங்கள். எந்தக் குற்றம் உங்கள் வண்டிக்கு அதிகம் கேடு செய்கிறது என்பதைப் பொறுத்தே தீர்மானிக்க வேண்டும்.

என் கார் சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது சூடேறுகிறது. கூலண்டை மாற்றினால் சரியாகிவிடுமா?

ஆகாது. வண்டி நிற்கும்போது மட்டும் சூட்டைக் காட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் குற்றம் காற்றில் இருக்கிறது: எலக்ட்ரிக் விசிறி சுழலவில்லை, அல்லது அதன் ரிலேயோ சென்சாரோ வேலை செய்யவில்லை, அல்லது ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் அடைத்திருக்கின்றன. மாறாக, ஹெப்பால் மேம்பாலத்திலிருந்து விமான நிலையச் சாலையில் வேகமாகப் போகும்போது முள் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கிறது, அல்லது பம்பின் இறக்கைகள் தேய்ந்துவிட்டன என்று சந்தேகிக்கலாம். கூலண்ட் கசியாமலேயே குறைந்துகொண்டு வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும்.

இந்தக் குறைகளை வைத்துக்கொண்டு தண்ணீர் கலவாத கூலண்டை ஊற்றினால் வண்டி பொங்காது. அதனால் எச்சரிக்கையும் கிடைக்காது. முன்பு 115 டிகிரியில் ஆவி கிளம்பி உங்களை ஓரங்கட்ட வைத்தது. இப்போது 130 டிகிரியிலும் அது சத்தமின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும், முள்ளைப் பார்க்காதவர் பார்க்காமலேயே ஓட்டிக்கொண்டிருப்பார், பிஸ்டன் ரிங்குகள் அதற்கு விலை கொடுக்கும். எனவே முதலில் வண்டியைச் சரிசெய்யுங்கள், பிறகு கூலண்டைப் பற்றி யோசியுங்கள்.

பின் யாருக்குத்தான் இது ஏற்றது?

நெடுநாள் நிற்கும் வண்டிகளுக்கு ஏற்றது. பத்மினியின் இன்ஜினில் வார்ப்பிரும்பு பிளாக், அதன்மேல் அலுமினிய ஹெட், முன்னால் பித்தளை ரேடியேட்டர். மூன்று உலோகங்கள், நடுவே தண்ணீர். இது கிட்டத்தட்ட ஒரு பேட்டரி. துருத்தடுப்புப் பொருள் தீர்ந்துபோன தண்ணீரில் அலுமினியம்தான் முதலில் தன்னைக் கொடுக்கும். முன்பு ஒருமுறை என் வண்டியின் தெர்மோஸ்டாட் உறையைக் கழற்றியபோது அதன் வாய் எலி கொறித்த தேங்காய் மூடியைப் போலிருந்தது; உள்ளே விரல் விட்டால் செங்காவி நிறச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் கலவாத கூலண்ட் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்துவதால் அந்த அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மாற்றி நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே உறையைத் திறந்து பார்த்தேன். புதிதாக ஒரு குழிகூட இல்லை.

சிலிண்டரின் உள்ளுறையான லைனரைச் சுற்றி நேரடியாகக் கூலண்ட் ஓடும் டீசல் இன்ஜின்களில், லைனர் அதிரும்போது தண்ணீரில் நுண்குமிழ்கள் வெடித்து இரும்பைத் துளைக்கும் தொல்லை உண்டு. அதற்கும் இது நல்ல மருந்து. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும், கல்லட்டி ஏற்றத்தின் 36 வளைவுகளிலும் பழைய வண்டியை அடிக்கடி ஏற்றுபவர்களுக்கும் பரிந்துரைப்பேன், ரேடியேட்டர் நல்ல நிலையில் இருந்தால்.

தினமும் ஓடும் புதிய காருக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. அதில் உள்ள நீண்ட ஆயுள் கூலண்ட், சொன்ன காலத்தில் மாற்றினால், அதன் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது. உறைநிலையும் −40 டிகிரிக்குக் கீழே என்று டப்பாவில் பெருமையாகப் போட்டிருக்கும். டிசம்பரில் ஸ்வெட்டர் தேடும் பெங்களூருக்கு அது எதற்கு?

எல்லாக் குற்றமும் தண்ணீருடையதா, நாம் ஊற்றும் தண்ணீருடையதா?

பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீருடையது. போர்வெல் தண்ணீர் வரும் அடுக்ககங்களில் கீசர் காயிலை ஒரு முறையாவது கழற்றிப் பார்த்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விரல் பருமனுக்குச் சுண்ணாம்பு பிடித்திருக்கும். அதே உப்புத்தான் ரேடியேட்டர்க் குழாய்களிலும் ஹெட்டின் சந்துகளிலும் படிகிறது. சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் உலோகத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்கு மட்டம். டேங்கர் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் பல வருடம் ஊற்றிய வண்டிக்கு, தண்ணீர் கலவாத கூலண்டின் விலையில் சிறு பகுதியிலேயே தீர்வு உண்டு: ஜே.சி. ரோட்டில் ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்துக் குழாய்களைத் துப்புரவு செய்துகொண்டு, வாலை வடித்த தண்ணீரும் நல்ல கூலண்டும் கலந்து ஊற்றிவிடலாம். பாதிப் பேருக்கு அத்துடன் பிரச்சினை முடிந்துவிடும்.

மாற்றும் முறையைச் சொல்லுங்கள்.

புதியதை ஊற்றுவது எளிது, பழைய தண்ணீரை வெளியேற்றுவதே வேலை. தயாரிப்பாளர்கள் விதிக்கும் வரம்பு, மொத்தத் திரவத்தில் தண்ணீர் 3 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது. 5 லிட்டர் கொள்ளும் வண்டியில் அது 150 மில்லி. வீட்டில் காப்பி குடிக்கும் ஒரு டம்ளர். பழைய கூலண்டில் பாதி தண்ணீர் என்பதால் 300 மில்லிவரை உள்ளே தங்கலாம் என்று கணக்கு வரும். ரேடியேட்டரின் கீழ்க் குழாயை மட்டும் கழற்றி வடித்தால் பிளாக்கிலும், காருக்குள் வெப்பக்காற்று தரும் ஹீட்டர் கோரிலும் தங்கிவிடுவது பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு.

சுண்ணாம்போ துருவோ இருந்தால் அதைக் கரைத்துக் கழுவும் வேலையை முன்னதாகவே, தண்ணீரைக் கொண்டே முடித்துவிடுங்கள். ஹோஸ், கிளாம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றில் பழுதானதையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பின்னால் ஒவ்வொரு கசிவும் விலை உயர்ந்த திரவத்தைக் குடிக்கும். பிறகு இன்ஜின் நன்றாக ஆறிய நிலையில் ரேடியேட்டரை வடித்து, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் திருகைத் திறக்க வேண்டும். நாற்பது வருட வண்டியில் அந்தத் திருகு துருவேறி இறுகியிருக்கும், முந்தைய நாளே எண்ணெய் விட்டு வையுங்கள். திறந்தும் எதுவும் வரவில்லையென்றால் மகிழ வேண்டாம். சேறு அடைத்திருக்கிறது என்று பொருள், ஒரு கம்பியால் குத்திவிட்டால் கருஞ்சிவப்பாக ஒழுகும். கூலண்ட் விரிய இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்து உலர்த்துங்கள். ஹீட்டர் உள்ள வண்டியில் அதன் இரண்டு குழாய்களையும் கழற்றி ஒன்றின் வழியாகக் காற்றை மெதுவாக ஊதுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரெஸரின் முழு அழுத்தத்தையும் கொடுத்தால் ஹீட்டர் கோரின் தையல் விட்டுப்போகும்.

உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் காயட்டும் என்று சிலர் வெறும் இன்ஜினை ஓடவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஹெட்டும் பம்பின் சீலும் சில நிமிடங்களில் கெட்டுவிடும்.

அடுத்து, பிரெப் திரவம் எனப்படும் தண்ணீரை ஈர்க்கும் கிளைக்கால் கழுவியை நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எல்லாச் சந்துக்கும் போகவிட்டு, ஆறியபின் மீண்டும் அதே கவனத்துடன் வடிக்க வேண்டும். அதன் பிறகே புதிய கூலண்டை ஊற்ற வேண்டும். பிசுபிசுப்பான திரவமாதலால் காற்றுக் குமிழ்கள் எளிதில் வெளியேறா. வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, அவசரப்படாமல் ஊற்றுங்கள். 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்கு ஏறும்போது 5 லிட்டர் கிளைக்கால் ஏறக்குறைய கால் லிட்டர் விரியும். எனவே எக்ஸ்பான்ஷன் டேங்கில் இடம் விட்டு நிரப்பவும். எனக்கு இந்த வேலைக்கு ஒரு முழு ஞாயிறும் திங்கட்கிழமை மாலையும் ஆயின.

தண்ணீர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று எப்படி அறிவது?

ஒளி விலகலைக் கொண்டு கரைசலின் செறிவை பிரிக்ஸ் அளவில் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம், அல்லது கூலண்ட் தயாரிப்பாளர் தரும் சோதனைத் தாளைப் பயன்படுத்தலாம். பாதிக்குப் பாதி கூலண்டின் உறைநிலையைக் காட்டும் சாதாரண மிதவை மீட்டர் இதற்கு உதவாது. ஊற்றிய அன்றே சோதிக்காமல், ஓரிரு நாள் ஓட்டித் திரவம் ஒன்றாகக் கலந்தபின் மாதிரி எடுங்கள். வரம்பைத் தாண்டினால் கொஞ்சம் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி மீண்டும் பார்க்க வேண்டும். ஒரு லிட்டரைக் கையிருப்பில் வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

ஒரு நண்பர், தாளிக்கும் எண்ணெயில் ஈரம் பட்டால் வெடிப்பதுபோல், வாணலியில் சூடாக்கிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்றார். கிளைக்கால் ஆவியை அடுப்படியில் கிளப்புவது விஷம், தீப்பற்றவும் செய்யும். வேண்டாம்.

வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடலாமா?

விடலாம், பக்கத்திலேயே நின்றால். முதல் முறை நான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் திரவத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மாலையில் கணக்குப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள், வண்டியும் நன்றாக ஓடியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் 11 சதவீதம் தண்ணீர். பிளாக்கின் வடிகால் திருகைத் தொட்டதற்கான அடையாளமே இல்லை. அதன்மேல் இருந்த பழைய பெயிண்ட் கீறல்கூட விழாமல் அப்படியே இருந்தது. அவர்களை முழுவதுமாகக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. கூலண்ட் மாற்றுவதென்றால் கீழ்க் குழாயைக் கழற்றி, தண்ணீர்க் குழாயைச் செருகி, தெளிவாக வரும்வரை கழுவுவதுதான் அவர்கள் ஆயுள் முழுதும் செய்த வேலை. இங்கே அந்தக் கடைசிக் கழுவலே வேலையைக் கெடுக்கிறது என்பதை நான் வாயால் சொன்னேனே தவிர, நின்று பார்க்கவில்லை. இரண்டாம் முறை நானே செய்தேன், 2 சதவீதத்துக்குக் கீழே வந்தது.

மாற்றியபின் முள் முன்பைவிடச் சற்று மேலே நிற்கிறது. பயப்பட வேண்டுமா?

சில டிகிரி கூடுதல் என்றால் எதிர்பார்த்ததுதான். வெப்பத்தைச் சுமக்கும் திறன் குறைந்த திரவத்துக்கு அது இயல்பு. புதிய கார்களில் விசிறி முன்பைவிட அடிக்கடி சுழலும். ஆனால் ஹெட் கூடுதலாகச் சுடுவதால் பழைய பெட்ரோல் வண்டிகளின் இன்ஜின் ஏற்றத்தில் தட்டும் ஓசை (நாக்கிங்) எழுப்பத் தொடங்கலாம்; அப்படித் தட்டினால் தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைச் சிறிது பின்னுக்குத் தள்ள வேண்டும். முள் ஓரிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் அது திரவத்தின் இயல்பன்று, பழுது. வண்டியை நிறுத்திவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் கசிந்துவிட்டால் தண்ணீர் ஊற்றலாமா?

வேறு வழி இல்லையென்றால் தாராளமாக ஊற்றலாம். எதுவும் வெடித்துவிடாது, திரிந்துவிடாது. வேலூர்ப் பக்கம் மே மாத வெயிலில் நின்றுகொண்டு கொள்கை பேசுவதில் பயனில்லை. ஊற்றிய கணமே அது சாதாரணக் கூலண்டாகிவிட்டது என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்: கொதிநிலை இறங்கிவிட்டது, அழுத்தம் ஏறும், மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது. வீடு திரும்பியபின் முழு வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே டிக்கியில் ஒரு லிட்டர், மூடி இறுகிய டப்பாவில், எப்போதும் வைத்திருக்கிறேன். கிளைக்கால் காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சும் தன்மையது. திறந்த டப்பாவை மழைக்காலம் முழுதும் வைத்திருந்து ஊற்றாதீர்கள்.

தீப்பிடிக்குமா? விஷமா?

இரண்டும் உண்மை. எத்திலீன் கிளைக்காலின் ஆவி சுமார் 111 டிகிரியிலிருந்து தீப்பற்றக்கூடியது. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் ஹோஸ் பிய்ந்து பீய்ச்சினால், பாதி தண்ணீர் கலந்த கூலண்டைவிட இது எளிதில் பற்றும். ஆகையால் மேனிஃபோல்டுக்கு அருகில் செல்லும் ஹோஸ்களைக் காலம் தவறாமல் மாற்றுங்கள்.

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், அதுதான் ஆபத்து. தரையில் சிந்தியதைத் தெருநாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து இறந்துவிடும். குழந்தை வாயில் வைத்தது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரையுங்கள். புரொப்பிலீன் கிளைக்காலின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. ஆனாலும் இரண்டும் கலந்த சரக்கை எத்திலீன் என்றே கருதி நடந்துகொள்வது நல்லது.

வாரண்டி உள்ள கார், ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்?

வாரண்டி முடியும்வரை உரிமையாளர் கையேட்டில் சொன்ன கூலண்டைத் தவிர வேறெதுவும் வேண்டாம். பின்னால் பம்ப் கெட்டாலும் பழி கூலண்டின் மேல்தான் விழும். ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளின் பேட்டரிக் குளிர்விப்பு தனி ஏற்பாடு. அதில் கை வைக்காதீர்கள்.

செலவு?

லிட்டருக்கு வழக்கமான கூலண்டைப்போல் பல மடங்கு. 5 லிட்டர் வண்டிக்கு அதே அளவு பிரெப் திரவமும் கையிருப்பும் சேர்த்து, 11 லிட்டருக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். தண்ணீர் சேராதவரை மாற்றவே தேவையில்லை என்று தயாரிப்பாளர்கள் சொல்வது இந்தக் கணக்கை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை கார் விற்று வாங்குபவருக்கு ஈடாகாது.

வடித்த பழைய கூலண்டை என்ன செய்வது?

வாசலில் உள்ள மழைநீர் வடிகாலில் ஊற்றக் கூடாது. அது ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக நேரே ஏரிக்குப் போகும். கிளைக்காலைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். அல்சூர் ஏரியைத் தினமும் சுற்றி நடப்பவன் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய இன்ஜின் ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். ஆயிலோடு மட்டும் கலக்காதீர்கள், இரண்டுமே மறுசுழற்சிக்கு ஆகாமல் போய்விடும்.

மாற்றியபின் கவனிக்க வேண்டியது என்ன?

ஆண்டுக்கு ஒருமுறை சோதனைத் தாள், மாதம் ஒருமுறை டேங்கின் அளவு, அவ்வளவுதான். பெரிய ஆபத்து நல்ல மனமுள்ளவர்களிடமிருந்து வருகிறது. ஒருமுறை எங்கள் அடுக்ககக் காவலாளி, டேங்கில் அளவு குறைவாக இருப்பதைக் கண்டு, நான் ஊரில் இல்லாத நாளில் ஒரு சொம்புத் தண்ணீரை அன்போடு ஊற்றி வைத்திருந்தார்; திரும்பி வந்ததும் பெருமையாகச் சொல்லவும் செய்தார். நன்றி சொல்லிவிட்டு, அந்த வாரமே மறுபடி பிளாக்கின் திருகைக் கழற்றினேன். இப்போது ரேடியேட்டர் மூடியின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. அதில் மூன்று வரிகள்: தண்ணீர் ஊற்றாதீர்கள், நீரு ஹாகபேடி, பானி மத் டாலியே.